நாயின் முதுகு நோய்: அறுவைச் சிகிச்சை அவசியந்தானா?

நேற்று மாலை வரை மாடிப்படிகளில் தாவி ஏறிய வீட்டு நாய், இன்று காலையில் எழுந்து நிற்க மாட்டாமல் பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு வருகிறது. எங்கும் அடிபட்டதாகத் தெரியவில்லை. காய்ச்சலும் இல்லை. அழைத்தால் காதை நிமிர்த்திப் பார்க்கிறது. ஆனால் உடலின் பின்பாதி மட்டும் வேறு யாருக்கோ உரியதுபோல் கிடக்கிறது. வீட்டார் பதறுகிறார்கள். வாதம் என்று கூறி எண்ணெய் தடவச் சொல்கிறார் அண்டை வீட்டார் ஒருவர். இனி இது தேறாது, ஊசி போட்டு அமைதியாக உறங்கச் செய்துவிடுவதே புண்ணியம் என்கிறார் மற்றொருவர். ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கலாம், விரைவில் முடிவு சொல்லுங்கள் என்கிறார் மிருக வைத்தியர். குழந்தைகள் அழுதுகொண்டு நிற்கும் வேளையில், செலவையும் எண்ணிப் பார்த்து, ஒரே நாளுக்குள் குடும்பத் தலைவர் ஒரு முடிவுக்கு வரவேண்டியிருக்கிறது.

இந்த முடிவை எவ்வாறு எடுப்பது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நோயைக் கண்டறிவது வைத்தியரின் வேலை. ஆயினும் சம்மதம் தரவேண்டியவர் நாயை வளர்ப்பவர். வைத்தியர் எதைச் சோதிக்கிறார், ஏன் சோதிக்கிறார், அதன் விடை எதைச் சுட்டுகிறது என்று தெரிந்தால்தான் அந்தச் சம்மதம் பொருளுள்ளதாகும். அவசியம், அவசரம் என்ற இரு சொற்களையும் நாம் பேச்சில் ஒன்றாகவே வழங்குகிறோம். இந்த நோயில் அவ்விரண்டும் வேறு வேறு. சில நாய்களுக்கு அறுவைச் சிகிச்சை அவசியமும் அல்ல, அவசரமும் அல்ல. சிலவற்றுக்கு நல்லது, ஆனால் ஒரு நாள் பொறுக்கலாம். சிலவற்றுக்கோ ஒவ்வொரு மணி நேரமும் கணக்கில் சேரும்.

நாய்களிடம் பின்னங்கால்கள் திடீரென்று செயலிழப்பதற்கு மிகச் சாதாரணமான காரணம் முதுகெலும்பின் வட்டு பிதுங்குவது. மனிதர்களிடையே 'டிஸ்க்' என்று பேசப்படும் அதே உறுப்புத்தான் இது. நாயின் முதுகெலும்பில் கழுத்தில் 7, மார்பில் 13, இடுப்புக்கு மேலே 7 என்று முள்ளெலும்புகள் வரிசையாக அமைந்துள்ளன. அடுத்தடுத்த இரண்டு எலும்புகளுக்கு இடையே அதிர்ச்சியைத் தாங்கும் மெத்தை போன்ற வட்டு ஒன்று இருக்கிறது. கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையில் மட்டும் அது இல்லை. வட்டின் நடுவில் கூழ் போன்ற பொருளும், அதைச் சுற்றி நார் அடுக்குகளும் உண்டு. வட்டுகளுக்கு மேலே, எலும்பு வளைவுகளால் ஆன குழாய்க்குள், மூளையிலிருந்து புறப்படும் தண்டுவடம் செல்கிறது. கால்களை அசைக்கும் கட்டளைகளும், கால்களிலிருந்து வரும் உணர்ச்சிகளும் போய்வருவது இந்த வடத்தின் வழியாகவே.

வட்டின் நடுப்பொருள் வறண்டு, சுண்ணாம்பு ஏறிக் கெட்டியாகும்போது மெத்தையின் இயல்பை இழக்கிறது. ஒரு நாள், சோபாவிலிருந்து குதிக்கும்போதோ, ஒன்றுமே செய்யாமல் திரும்பிப் படுக்கும்போதோ, நார் அடுக்கு கிழிந்து அந்தக் கெட்டிப்பொருள் மேல்நோக்கித் தெறிக்கிறது. எலும்புக் குழாய்க்குள் விலகி இடங்கொடுக்க இடமில்லை. ஆகவே தண்டுவடம் இருவகையாகத் துன்புறுகிறது. தெறித்து மோதிய வேகத்தால் ஏற்பட்ட காயம் ஒன்று. அங்கேயே தங்கிவிட்ட பொருள் தொடர்ந்து அழுத்துவது மற்றொன்று. அறுவைச் சிகிச்சை அகற்றக்கூடியது இந்த அழுத்தத்தை மட்டுமே. மோதிய காயத்தை எந்தக் கத்தியாலும் மாற்ற முடியாது. இவ்வேறுபாட்டை மனத்தில் கொண்டால், பின்னர் வரும் கணக்குகள் யாவும் எளிதில் விளங்கும்.

இந்த நோயை முறையாக வகைப்படுத்தியவர் ஸ்வீடன் நாட்டைச் சேர்ந்த ஹான்ஸ் யோர்கன் ஹான்சன். 1952-இல் வெளியான தமது ஆராய்ச்சியில், நடுப்பொருள் கிழித்துக்கொண்டு வெளியே தெறிப்பதை முதல் வகை என்றும், நார் அடுக்கு கிழியாமலே மெல்லப் புடைத்து வடத்தை அழுத்துவதை இரண்டாம் வகை என்றும் அவர் பிரித்தார். முதல் வகை பெரும்பாலும் குட்டைக்கால் இனங்களில் 3 வயதுக்கும் 7 வயதுக்கும் இடையே திடீரென்று வருகிறது. இரண்டாம் வகை பெரிய இனங்களில் முதுமையில் மெதுவாக வருகிறது. இன்றும் உலகெங்கும் வைத்தியர்கள் இந்தப் பகுப்பையே வழங்குகின்றனர்.

குட்டைக்கால் இனங்களுக்கு இந்தத் துன்பம் ஏன்? கால் எலும்பு குட்டையாக அமைவதற்குக் காரணமான மரபணு மாற்றம் ஒன்று 2009-இல் கண்டறியப்பட்டது. 2017-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆராய்ச்சியாளர்கள், அதே மரபணுவின் மற்றொரு பிரதி 12-ஆம் குரோமோசோமில் வந்து ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டனர். அப்பிரதி உள்ள நாய்களின் வட்டுகள் இளமையிலேயே, பல சமயங்களில் ஒரு வயதுக்குள்ளாகவே, முதிரத் தொடங்கிவிடுகின்றன. நீண்ட உடலும் குட்டைக் கால்களும் கொண்ட டாஷ்ஹண்ட் இனத்தில், ஐந்தில் ஒன்று முதல் நான்கில் ஒன்று வரை வாழ்நாளில் என்றேனும் இந்நோய்க்கு ஆளாகின்றன. நம் நகர வீடுகளில் விரும்பி வளர்க்கப்படும் பீகிள், ஷிட்சூ, லாசா ஆப்ஸோ, பிரெஞ்சு புல்டாக் ஆகியவையும் இவ்வரிசையில் உள்ளவையே. நாட்டு நாய்களுக்கு வரவே வராது என்று கூற இயலாது. ஆனால் அவற்றிடம் இது குறைவு.

கால் செயலிழந்த நாய்க்கெல்லாம் வட்டு நோய் என்று முடிவு கட்டுவது தவறு. அறுவைச் சிகிச்சையைப் பற்றி எண்ணுமுன் விலக்க வேண்டிய நோய்கள் சில உண்டு. வட்டின் சிறு துணுக்கு தண்டுவடத்தின் இரத்தக் குழாயை அடைத்துவிடுவது ஒன்று. அதுவும் திடீரென்று, பெரும்பாலும் ஓட்டத்தின் நடுவே வருகிறது. நாய் ஒருமுறை வீறிட்டிருக்கலாம். ஆனால் ஒரு நாளைக்குள் வலி மறைந்துவிடுகிறது, நோயும் மேலும் வளர்வதில்லை. இதற்கு அறுவை கூடாது. பராமரிப்பும் பயிற்சியுமே மருந்து. வயது முதிர்ந்த ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற நாய்களில், வலியே இல்லாமல் மாதக்கணக்கில் பின்னங்கால்கள் தளர்ந்துகொண்டே போவது வேறொரு தண்டுவடச் சிதைவு. அதனோடு தொடர்புடைய மரபணு மாற்றம் 2009-இல் கண்டறியப்பட்டது. அங்கும் கத்திக்கு வேலை இல்லை. வட்டில் கிருமி புகுந்து சீழ் பிடிப்பதும் உண்டு. அதற்கு நீண்ட காலம் கிருமிக்கொல்லி மருந்து தேவை. தடுப்பூசி போடாத இளநாய்களில் 'டிஸ்டெம்பர்' என்னும் நச்சுயிரி நோயும் நரம்புகளைத் தாக்கிக் கால்களை முடக்குகிறது.

நம் நாட்டில் எல்லாவற்றுக்கும் முன்னே நினைவில் வரவேண்டியது வெறிநோய். நாய் கண்டவரையெல்லாம் கடித்துத் திரிவதுதான் வெறிநோய் என்று பலர் எண்ணுகின்றனர். அமைதியாகவே வந்து, கால்களையும் தாடையையும் செயலிழக்கச் செய்யும் வெறிநோயும் உண்டு. தடுப்பூசி போட்ட பதிவு இல்லாத நாய், வாய் திறந்து தொங்க, எச்சில் ஒழுக, விழுங்க இயலாமல் இருந்தால், தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று எண்ணி வாயில் கையை விடலாகாது. தொடாமல் ஒதுக்கி வைத்து வைத்தியருக்குச் சொல்ல வேண்டும். எச்சில் பட்டுவிட்டால் அவ்விடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வெறிநோய் வெளிப்பட்டபின் நாய்க்கும் மனிதருக்கும் தப்பும் வழி அநேகமாக இல்லை.

இவற்றையெல்லாம் விலக்கிய பிறகு வைத்தியர் தண்டுவடம் எந்த அளவு பாதிக்கப்பட்டுள்ளது என்று கணக்கிடுகிறார். இதனை ஐந்து நிலைகளாகப் பிரிப்பது வழக்கம். முதல் நிலையில் வலி மட்டும் இருக்கும். நாய் முதுகை வில்லாக வளைத்து நிற்கும், தூக்கினால் கத்தும், படி ஏற மறுக்கும், ஆயினும் நடை சீராக இருக்கும். இரண்டாம் நிலையில் நடை தள்ளாடும். பாதம் மடங்கித் தரையில் தேயும். எனினும் தானாக நடக்கும். மூன்றாம் நிலையில் கால்கள் அசையும், உடலைத் தாங்கா. நான்காம் நிலையில் கால்கள் அறவே அசையா. ஆனால் விரலை அழுத்தினால் வலி தெரியும். ஐந்தாம் நிலையில் அந்த வலியும் தெரியாது.

நான்காம் நிலைக்கும் ஐந்தாம் நிலைக்கும் இடையே உள்ள கோடுதான் அனைத்திலும் முக்கியமானது. இதை அறியும் சோதனை மிக எளியது. ஆனால் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது. வைத்தியர் இடுக்கியால் கால்விரலின் எலும்பை அழுத்துகிறார். கால் சட்டென்று மடங்குகிறது. உணர்ச்சி இருக்கிறது என்று வீட்டார் மகிழ்கின்றனர். உண்மையில் கால் மடங்குவது இடுப்புப் பகுதித் தண்டுவடம் தானாகவே செய்யும் வேலை. செய்தி மூளையைச் சென்றடையாமலே அது நடக்கும். வலியை நாய் உணர்ந்தது என்பதற்கு அடையாளம் வேறு. தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும், முனக வேண்டும், கடிக்க வர வேண்டும், அல்லது மூச்சும் கண்ணும் மாற வேண்டும். ஆழத்தில் உள்ள வலியைச் சுமந்து செல்லும் நரம்பிழைகள் தண்டுவடத்தில் பரவலாக அமைந்தவை, எளிதில் அழிவதில்லை. அவையும் ஓய்ந்துவிட்டன என்றால் வடத்தின் காயம் மிகக் கடுமையானது என்று பொருள். இந்தச் சோதனையை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். பழக்கமில்லாத கை நாயைத் துன்புறுத்தும். பிழையான விடையையும் தரும்.

இனி நிலைகளுக்கும் பலன்களுக்கும் உள்ள தொடர்பைக் காண்போம். அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவக் கல்லூரியின் சார்பில் 2022-இல் வெளியான ஒருமித்த கருத்துரை பல ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிட்டிருக்கிறது. மார்பும் இடுப்பும் சேரும் பகுதியில் வட்டு தெறித்த நாய்களுள், முதல் மூன்று நிலைகளில் உள்ளவை ஓய்வாலும் மருந்தாலும் மட்டுமே பத்துக்கு எட்டு என்ற அளவில் தேறுகின்றன. அறுவைச் சிகிச்சை செய்தால் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் தேறுகின்றன. நான்காம் நிலையில் வேற்றுமை பெரிதாகிறது: ஓய்வினால் பத்துக்கு ஆறு, அறுவையினால் ஒன்பதுக்கு மேல். ஐந்தாம் நிலையில் ஓய்வினால் பத்துக்கு இரண்டு, அறுவையினால் பத்துக்கு ஆறு. தேறுவது என்றால் மீண்டும் தானாக நடப்பது என்று பொருள். சிறிது தள்ளாட்டம் எஞ்சலாம்.

இக்கணக்கிலிருந்து முடிவு தானாகப் புலப்படுகிறது. வலி மட்டும் உள்ள நாய்க்கும், தள்ளாடினாலும் நடக்கும் நாய்க்கும் முதலில் ஓய்வையே முயன்று பார்ப்பது முறை. வலி மருந்துக்கு அடங்காவிட்டாலோ, நோய் திரும்பத் திரும்ப வந்தாலோ, நாளுக்கு நாள் நடை கெட்டாலோ அறுவையை எண்ண வேண்டும். எழுந்து நடக்க முடியாத மூன்றாம் நிலையில் அறுவை விரும்பத்தக்கது. இயலாதவர்கள் ஓய்வு முறையில் நம்பிக்கையோடு முயலலாம். நான்காம் நிலையில் அறுவையே சிறந்த வழி. ஐந்தாம் நிலையில் நம்பிக்கை உள்ள ஒரே வழி அநேகமாக அதுதான். அதிலும் உறுதி இல்லை. முற்காலத்தில், வலியுணர்ச்சி போய் 48 மணி நேரம் கடந்துவிட்டால் கத்தியால் பயனில்லை என்று கூறுவது வழக்கம். அந்த எல்லைக்கு உறுதியான ஆதாரம் இல்லை என்பது இன்றைய கருத்து. விரைவு நல்லது, ஆனால் தாமதமாக வந்தவர் என்பதற்காகவே ஒருவரைத் திருப்பி அனுப்பவேண்டியதில்லை.

நிலை என்பது நிற்காமல் மாறக்கூடியது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். காலையில் தள்ளாடிய நாய் மாலையில் விழுந்துவிடலாம். ஆகவே நாய் எந்த நிலையில் இருக்கிறது என்பதோடு, எந்தத் திசையில் செல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஓய்வு முறையைத் தேர்ந்தெடுத்தவர்கள் முதல் சில நாட்கள் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையேனும் நடையையும் கால் அசைவையும் கவனித்துக் குறித்துவைப்பது நலம். கைத்தொலைபேசியில் சிறு படம் எடுத்து வைத்தால் வைத்தியருக்குப் பெரிதும் உதவும்.

ஓய்வு என்றால் வீட்டுக்குள் நடமாட விடுவது அன்று. நிற்கவும், திரும்பவும், காலை நீட்டிப் படுக்கவும் மட்டும் போதுமான கூண்டிலோ தடுப்பிலோ குறைந்தது நான்கு வாரம் வைத்திருக்க வேண்டும். மலசலத்துக்கு மட்டும் தோள்வாரால் கட்டி, இடுப்பின் கீழ் துண்டு கொடுத்துத் தாங்கி வெளியே கொண்டுவரலாம். கிழிந்த நார் அடுக்கு ஆறிச் சேருவதற்கு அந்தக் காலம் வேண்டும். மருந்தினால் வலி குறைந்த நாய் இரண்டாம் நாளே துள்ளப் பார்க்கும். அப்போது இரக்கப்பட்டுக் கதவைத் திறந்துவிடுவதுதான் பல வீடுகளில் நோய் முற்றக் காரணமாகிறது. ஓய்வினால் தேறிய நாய்களில் கணிசமானவற்றுக்கு நோய் மீண்டும் வருகிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மருந்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மனிதர்கள் வலிக்கு உட்கொள்ளும் இபுப்ரொபென், டைக்லோபினாக் போன்ற மாத்திரைகள் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் அழிக்கக் கூடியவை. வீட்டில் இருப்பதை எடுத்துக் கொடுத்துவிட்டு மறுநாள் வைத்தியரிடம் செல்வது இருமடங்கு தீங்கு. வைத்தியர் கொடுக்க விரும்பும் மருந்தையும் அது தடுத்துவிடும். ஏனெனில் வீக்கத்தைக் குறைக்கும் சாதாரண வலி மருந்தையும் ஸ்டீராய்டையும் ஒருசேரக் கொடுத்தால் குடலில் புண் உண்டாகி இரத்தம் கசியும். தண்டுவட நோய் என்றாலே ஸ்டீராய்டு ஊசி போடும் வழக்கம் இன்னும் பல இடங்களில் உள்ளது. திடீர் வட்டு நோய்க்கு அதை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்பதே மேற்கூறிய கருத்துரையின் பரிந்துரை.

அறுவை என்று முடிவானால், எந்த வட்டு, எந்தப் பக்கம் என்று முதலில் தெரிய வேண்டும். சாதாரண எக்ஸ்-ரே எலும்பைக் காட்டும், தண்டுவடத்தைக் காட்டாது. எலும்பு முறிவை விலக்க அது உதவும். ஆனால் எக்ஸ்-ரேயில் இடைவெளி குறுகியிருப்பதைக் கண்டு மட்டும் கத்தியை எடுக்க முடியாது. தண்டுவடத்தையே காட்டுவது எம்.ஆர்.ஐ. படம். சுண்ணாம்பேறிய வட்டுப்பொருளைச் சி.டி. படமும் நன்றாகக் காட்டும். இவை இல்லாத இடங்களில் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரில் சாயமருந்து செலுத்தி எக்ஸ்-ரே எடுக்கும் பழைய முறை உண்டு. நம் நாட்டில் விலங்குகளுக்கென்று இத்தகைய கருவிகள் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. ஆகவே மாவட்டத் தலைநகரில் உள்ளவர்கள், பயணம், மயக்க மருந்து, படம், அறுவை ஆகிய நான்கையும் சேர்த்தே கணக்கிடவேண்டும். அறுவை செய்யும் எண்ணமே இல்லை என்றால், பெருஞ்செலவில் படம் எடுப்பதற்கு முன் அதனால் சிகிச்சை மாறுமா என்று கேட்பது நியாயம்.

அறுவை எவ்வாறு நடைபெறுகிறது? மார்பும் இடுப்பும் சேரும் பகுதியில், முள்ளெலும்பின் வளைவில் ஒரு பக்கத்தை மட்டும் அரைத்து எடுத்து, அந்தச் சாளரத்தின் வழியாகத் தெறித்த பொருளை அகற்றுகின்றனர். கழுத்து வட்டு என்றால் கீழ்ப்புறத்திலிருந்து எலும்பில் சிறு பள்ளம் அமைத்துப் பொருளை எடுக்கின்றனர். அருகிலுள்ள வட்டுகளில் துளையிட்டு நடுப்பொருளை முன்கூட்டியே அகற்றுவதும் உண்டு. பின்னால் நோய் திரும்புவதை அது குறைக்கும். வலியுணர்ச்சி உள்ள நாய்கள் பெரும்பாலும் சில வாரங்களில் நடக்கத் தொடங்குகின்றன. வலியுணர்ச்சி இழந்தவற்றுக்கு மாதங்கள் ஆகலாம்.

அறுவையோடு வேலை முடிந்துவிடுவதில்லை. நடக்க இயலாத நாயால் பெரும்பாலும் சிறுநீரும் கழிக்க இயலாது. படுக்கை நனைந்திருப்பதைக் கண்டு அது தானாகக் கழிக்கிறது என்று வீட்டார் எண்ணுவர். நிரம்பி வழிந்த குடத்திலிருந்து சொட்டும் நீர் போன்றது அது; குடம் காலியாகவில்லை. நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை வயிற்றை மெல்ல அழுத்திச் சிறுநீர்ப்பையைக் காலி செய்யவேண்டும். இதனை வைத்தியரிடம் நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். கால்களை மடக்கி நீட்டிப் பயிற்சி தர வேண்டும். காலையில் எல்லோரும் வேலைக்குச் சென்றுவிடும் வீடானால், இதை யார் செய்வது என்ற கேள்விக்கு விடை கண்ட பிறகே சம்மதக் கடிதத்தில் கையெழுத்திட வேண்டும்.

ஐந்தாம் நிலை நாய்களைப் பற்றி மறைக்காமல் கூறவேண்டிய செய்தி ஒன்று உண்டு. அவற்றுள் பத்தில் ஒன்றுக்குச் சற்று மேற்பட்டவற்றுக்கு, காயம்பட்ட இடத்திலிருந்து தண்டுவடம் மேலும் கீழும் உருகிச் சிதைந்துகொண்டே போகிறது. அறுவை செய்தாலும் இது நிற்பதில்லை. வால் தளர்ந்து, வயிற்றுத் தசை துவண்டு, முன்னங்கால்களும் ஓய்ந்து, மூச்சு முட்டும் நிலை சில நாட்களில் வருகிறது. இந்த அறிகுறிகள் வைத்தியரால் உறுதி செய்யப்பட்டால், அந்த மூச்சுத் திணறலுக்கு முன்பே வலியின்றி உயிரைப் பிரியச் செய்வது கொடுமை ஆகாது, அதுவே இரக்கம்.

மற்றபடி, கால் வராத நாய் எல்லாம் சாகவேண்டிய நாய் அல்ல. வலி அடங்கி, உணவு உண்டு, மனிதரைக் கண்டு மகிழும் நாய், பின்னங்கால்களைத் தாங்கும் சிறு சக்கர வண்டியோடு பல ஆண்டு வாழ முடியும். அறுவைக்குப் பணமில்லாதவர்கள் தம்மை அன்பில்லாதவர்களாக எண்ணி நோகவேண்டியதில்லை. கடன் வாங்கி அறுவை செய்துவிட்டு, அதன் பின் பராமரிக்க ஆளில்லாமல் விடுவதைவிட, நான்கு வாரக் கூண்டு ஓய்வைப் பிசகாமல் நடத்துபவர் மேலான சிகிச்சை செய்தவர் ஆவார். ஆனால் ஒன்றும் செய்யாமல் தெருவில் விட்டுவிடுவது வேறு விஷயம். தம் பொறுப்பிலுள்ள விலங்கின் நலத்துக்கு வேண்டிய நியாயமான ஏற்பாடுகளைச் செய்வதும், தேவையற்ற வலியைத் தடுப்பதும் உடையவரின் கடமை என்று 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் கூறுகிறது. நாயைத் துறப்பதும் அச்சட்டப்படி குற்றமாகும்.

வைத்தியரைக் காணச் செல்லும்போது சில கேள்விகளைத் தாளில் எழுதிச் செல்வது நல்லது. என் நாய் எந்த நிலையில் இருக்கிறது? ஆழ்ந்த வலியுணர்ச்சி உள்ளதா, அதை எப்படி முடிவு செய்தீர்கள்? வட்டு நோய் அல்லாத வேறு எதையேனும் ஐயுறுகிறீர்களா? இன்றிரவு காத்திருந்தால் எதை இழப்போம்? இந்த அறுவையை இங்கே செய்யும் பழக்கம் உள்ளவர் யார்? ஓய்வு முறையில் எந்த அறிகுறி கண்டால் உடனே திரும்பி வரவேண்டும்? நல்ல வைத்தியர் எவரும் இக்கேள்விகளால் கோபம் கொள்ளார். தம் பேச்சைக் கவனமாகக் கேட்பவர் என்றே மகிழ்வார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது பழமொழி. இங்கே அது வீட்டாருக்கும் பொருந்தும், வைத்தியருக்கும் பொருந்தும்.

வருமுன் காப்பது பற்றியும் சொல்லவேண்டும். குட்டைக்கால் நாயின் எடை மிகாமல் பார்த்துக்கொள்ளலாம். கட்டிலிலிருந்தும் சோபாவிலிருந்தும் தாவாதபடி ஒரு சாய்பலகை வைக்கலாம். கழுத்துப் பட்டைக்குப் பதிலாகத் தோள்வார் அணிவிக்கலாம். தூக்கும்போது ஒரு கை மார்பின் கீழும் மற்றொரு கை இடுப்பின் கீழும் இருக்கவேண்டும். இவை நோயை அறவே தடுத்துவிடும் என்று உறுதி கூற முடியாது; மரபணுவில் உள்ள குறையைச் சாய்பலகை மாற்றிவிடாது. குட்டி வாங்குவோர் தாய் தந்தையருக்கு முதுகு நோய் வந்ததுண்டா என்று விசாரிப்பதும், நோய்வாய்ப்பட்ட நாயை இனப்பெருக்கத்துக்கு விடாமல் இருப்பதும் நாளைய நாய்களுக்குச் செய்யும் உதவியாகும்.

சுருங்கக் கூறின், நடக்கும் நாய்க்கு ஓய்வு, நடக்க இயலாத நாய்க்கு அன்றே நல்ல வைத்தியர், வலி உணரும் நாய்க்கு நிறைந்த நம்பிக்கை, வலி உணராத நாய்க்கு விரைவும் உண்மையான பேச்சும் வேண்டும். இந்த நான்கையும் தெரிந்துகொண்டவர், ஒரு காலைப்பொழுதில் திடீரென்று அந்த முடிவை எடுக்க நேர்ந்தால், அண்டை வீட்டாரின் யோசனைகளுக்கிடையே திகைத்து நிற்கமாட்டார். நோயுற்ற பிராணி தன் வலியைச் சொற்களில் கூறாது. அதன் நடையையும், கால்விரலையும், கண்ணையும் படித்து அதன் சார்பில் முடிவு செய்யவேண்டியவர்கள் நாமே.